ஹாட் டப் தண்ணீரை நாறாமல், நோய் தராமல் வைத்திருக்கும் வழி

ஹாட் டப்பை, அதாவது வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கும் ஜெட் தொட்டியை, ஒரு குட்டி நீச்சல் குளம் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் 1000 முதல் 1500 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். 50,000 லிட்டர் குளத்தில் நான்கு பேர் இறங்கினால் தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே நான்கு பேர் 1200 லிட்டர் தொட்டியில் உட்கார்ந்தால், அந்தக் குளத்தில் ஒரே நேரத்தில் 160 பேருக்கு மேல் இறங்கியதற்குச் சமம். போதாக்குறைக்குச் சூடு வேறு. உடம்பு வியர்க்கிறது, தோலில் இருக்கும் எண்ணெயும் க்ரீமும் கரைகின்றன, குளோரின் வேகமாகத் தீர்கிறது, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் காற்றைக் கலந்து அடிப்பதால் பி.எச். (தண்ணீரின் அமில–கார நிலையைக் காட்டும் எண்) தானாக ஏறுகிறது. குளத்தில் ஒரு வாரத்தில் கெடுகிற தண்ணீர் இங்கே ஒரே ராத்திரியில் கெடும்.

இந்தக் குறிப்பில் வரும் அளவுகள் எல்லாம் 1200 லிட்டர் தொட்டிக்கானவை. உங்கள் தொட்டியின் கொள்ளளவு அதன் கையேட்டில் இருக்கும். அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

தண்ணீரில் என்ன வளர்கிறது

இரண்டு பாக்டீரியாக்களின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று சூடோமோனாஸ். குளோரின் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தால், ஓரிரண்டு நாளில் நீச்சலுடை மூடியிருந்த இடங்களில் அரிப்போடு சிவப்புக் கொப்புளங்கள் கிளம்பும். குளோரின் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் தப்பாக எண்ணி, அடுத்த முறை குளோரினை இன்னும் குறைத்துப் போடுவார்கள். உண்மையில் அது குளோரின் போதாததால் வந்த வினை.

மற்றது லெஜியோனெல்லா. இது தோலைத் தொடுவதில்லை, நுரையீரலுக்குப் போகிறது. ஜெட் கிளப்பும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளை மூச்சோடு இழுத்தால் கடுமையான நிமோனியா வரும். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்குக் காட்சிக்கு வைத்திருந்த ஒரு சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்த நோய் பரவி 30 பேருக்கும் மேல் இறந்தார்கள். யாரும் அந்தத் தொட்டியில் குளிக்கவில்லை. பக்கத்தில் நடந்து போனார்கள், அவ்வளவுதான். தொட்டியில் இறங்காதவருக்கும் அதன் தண்ணீர் சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இரண்டுமே மிதந்துகொண்டு இருப்பதைவிட, பைப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு பிசுக்குப் படலமாக வாழ விரும்புகின்றன. அந்தப் படலத்துக்குள் குளோரின் எளிதில் நுழையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதும் பைப்புக்குள் பிசுக்கு இருக்கலாம். எனவே கண்ணை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும்

குளோரின் போடுகிறவர்களுக்கு: தண்ணீரில் தனித்திருக்கும் குளோரின் எப்போதும் 3 பிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது, 3க்கும் 5க்கும் இடையே வைத்திருங்கள். குளோரினுக்குப் பதிலாகப் போடும் புரோமின் என்றால் குறைந்தபட்சம் 4, வசதியான எல்லை 4 முதல் 6. பி.எச். 7.2 முதல் 7.8 வரை. காரத்தன்மை (பி.எச்.சை ஆடாமல் பிடிக்கும் தன்மை) 80 முதல் 120 பிபிஎம், பிளீச் போடுகிறவர்களுக்கு 50 முதல் 80. கால்சியம் 150 முதல் 250 பிபிஎம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு; ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

இவற்றில் குளோரினுக்கு அடுத்தபடி அதிகம் கவனிக்க வேண்டியது பி.எச். காரணம் இதுதான்: கிருமியைக் கொல்வது குளோரினின் ஒரு வடிவம் மட்டுமே, ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.2 இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்த வடிவத்தில் இருக்கும். 7.5இல் பாதி. 8.0க்குப் போனால் கால் பங்குதான். சோதனையில் 4 பிபிஎம் என்று காட்டும், வேலை செய்வது ஒரு பிபிஎம் அளவுக்கு. குளோரின் போட்டுக்கொண்டே இருக்கிறேன், தண்ணீர் தெளியவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பி.எச். எண்ணைத்தான்.

பி.எச். கீழே இறங்கினாலும் சிக்கல் உண்டு. 7க்குக் கீழே போனால் கண் எரியும், ஹீட்டரின் உலோகமும் பம்ப் சீலும் அரிக்கும். மேலே ஏறினால் கால்சியம் உப்பாகக் கட்டும். சாதாரண உப்பு சூட்டில் நன்றாகக் கரையும், கால்சியம் கார்பனேட் நேர்மாறு: தண்ணீர் சூடாக ஆக அதன் கரைதிறன் குறையும். எனவே உப்பு முதலில் கட்டுவது தொட்டிச் சுவரில் அல்ல, ஹீட்டர் கம்பியில். சுவரில் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தால், உள்ளே ஹீட்டர் எப்போதோ சட்டை போட்டுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

அளந்து பார்ப்பது

நனைத்து நிறம் பார்க்கும் அட்டைப் பட்டைகள் தினசரி ஒரு பார்வைக்குப் போதும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடாதீர்கள். ஒரு துளி ஈரம் மீதிப் பட்டைகள் அத்தனையையும் பாழாக்கும். பட்டையை நனைத்ததும் உதறாமல், தட்டையாகப் பிடித்து, டப்பாவில் சொன்ன நொடிக்குள் நிறத்தை ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் அது சொல்வது எதுவும் உண்மையில்லை.

வாரம் ஒரு முறையாவது சொட்டு மருந்துக் கிட் வைத்துச் சோதியுங்கள். மாதிரித் தண்ணீரை மேல்மட்டத்தில் அள்ளாமல், முழங்கை ஆழத்தில், ஜெட் வாய்க்குத் தள்ளி எடுங்கள். ரசாயனம் போட்டவுடன் எடுக்காதீர்கள். பம்ப் அரை மணி நேரமாவது சுற்றட்டும்.

டிபிடி என்ற பொடியையோ சொட்டையோ போட்டால் குளோரின் இருக்கிற தண்ணீர் ரோஜா நிறமாகும். இங்கே ஒரு வலை இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக, 10 பிபிஎம்முக்கு மேல் போனால், அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். சோதனைக் குழாயில் ஒரு கணம் ரோஜா மின்னி, உடனே மறைந்து நிறமற்றுப் போகும். குளோரின் சுத்தமாக இல்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போடுவார்கள். அந்த ஒரு கண மின்னலைப் பார்த்தால், மாதிரித் தண்ணீரில் ஒரு பங்கோடு நல்ல தண்ணீர் மூன்று பங்கு கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். குளோரின் அவ்வளவு அதிகமாக இருக்கும் நாளில் பி.எச். சோதனையும் தப்பாகக் காட்டும்: சிவப்பு ஆரஞ்சு வர வேண்டிய இடத்தில் ஊதா வரும். குளோரின் இறங்கிய பிறகுதான் பி.எச்.சைத் தொட வேண்டும்.

கிட் மொத்தக் குளோரின், தனிக் குளோரின் என்று இரண்டையும் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அழுக்கோடு சேர்ந்து செயலிழந்துபோன குளோரின். அது 0.5 பிபிஎம்மைத் தாண்டினால் ஷாக் கொடுக்கும் நேரம், அதாவது குளோரினை ஒரேயடியாக 10 பிபிஎம்முக்கு ஏற்றும் நேரம். தொட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் “குளோரின் வாசம்” இந்தச் செத்த குளோரினின் வாசம்தான். நன்றாகப் பராமரித்த தண்ணீர் அப்படி நாறாது. வாசம் தூக்கலாக இருந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று எண்ணாமல், போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைப் போடுவது, எவ்வளவு போடுவது

வீட்டுத் தொட்டிக்குச் சரிப்படும் குளோரின் இரண்டு. ஒன்று டைகுளோர் என்ற குருணை. சட்டென்று கரையும், கையாள எளிது. 1200 லிட்டரில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற சுமார் 2.2 கிராம் வேண்டும். மற்றது திரவ பிளீச். 5 சதவீதப் பிளீச் என்றால் அதே 1 பிபிஎம்முக்கு 24 மில்லி. வாசனை, நுரை, கெட்டித்தன்மை எதுவும் சேர்க்காத சாதாப் பிளீச்சாக இருக்க வேண்டும். எலுமிச்சை வாசனை என்று எழுதியிருந்தால் அது தரை துடைக்கத்தான். பழைய பிளீச் நாளாக ஆக வீரியம் இழக்கும், ஆகவே சிறிய பாட்டிலாக வாங்குங்கள்.

டைகுளோர் தன்னோடு சயனூரிக் அமிலத்தையும் கொண்டுவரும். 10 பிபிஎம் குளோரினுக்கு ஏறத்தாழ 9 பிபிஎம் அமிலம் சேரும். வெயில் படும் தொட்டியில் கொஞ்சம் அமிலம் குளோரினைக் காக்கும், ஆனால் அது ஆவியாகிப் போகாது, குளோரின் மாதிரி தீர்ந்தும் போகாது. ஏறிக்கொண்டே போகும், ஏற ஏறக் குளோரினின் வேகம் மழுங்கும். தினமும் 5 பிபிஎம் டைகுளோர் போட்டால் ஒரே வாரத்தில் அமிலம் 30ஐத் தொடும். மாத முடிவில் 100ஐத் தாண்டும். அதன் பிறகு 3 பிபிஎம் என்று சோதனை காட்டுவதற்குப் பெரிய மதிப்பில்லை. நல்ல வழி இது: தண்ணீர் மாற்றியதும் மொத்தம் 70 கிராம் டைகுளோர் சேரும்வரை அதைப் போடுங்கள், அமிலம் 30க்கு வரும். அதன்பின் பிளீச்சுக்கு மாறிவிடுங்கள்.

நீச்சல் குளத்துக்கான ட்ரைகுளோர் மாத்திரையைத் தொட்டியில் போடாதீர்கள். அது கடுமையான அமிலத்தன்மை கொண்டது. மாத்திரை கிடக்கும் இடத்தில் அக்ரிலிக் வெளுக்கும், ஹீட்டர் அரிக்கும்.

தினசரி அளவைப் பொறுத்தவரை, ஆள் கணக்கு வைத்துப் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒருவர் ஒரு மணி நேரம் 40 டிகிரித் தண்ணீரில் உட்கார்ந்தால் ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் குளோரினைத் தின்று தீர்ப்பார். அதாவது 5 சதவீதப் பிளீச் 150 மில்லி, அல்லது டைகுளோர் 14 கிராம். இருவர் அரை மணி நேரம் என்றாலும் அதே அளவுதான். இதைக் குளிப்பதற்கு முன் போடக் கூடாது, குளித்து எழுந்ததும் போட வேண்டும். ராத்திரி முழுவதும் குளோரின் அழுக்கை எரித்துவிட்டு, மறுநாள் மாலை 3, 4 பிபிஎம்மில் நிற்கும். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பூஜ்யம் பிபிஎம்மில் 38 டிகிரி வெந்நீர் ராத்திரி முழுக்கக் கிருமிக்கு விருந்து.

புரோமின் வழி கொஞ்சம் வேறு. முதலில் சோடியம் புரோமைடைக் கரைத்துத் தண்ணீரில் ஒரு கையிருப்பை உண்டாக்க வேண்டும். பிறகு மிதக்கும் குடுவையில் புரோமின் மாத்திரை. வாரம் ஒரு முறை ஷாக் கொடுத்தால் செயலிழந்த புரோமைடு மறுபடி புரோமினாக எழும். பி.எச். சற்று ஏறினாலும் குளோரின் அளவுக்குப் புரோமின் மழுங்காது, வாசமும் குறைவு. ஆனால் வெயிலில் காக்க அதற்கு எதுவும் கிடையாது, விலையும் கூடுதல். குளோரினிலிருந்து புரோமினுக்கு மாறுவது சுலபம். திரும்பி வர வேண்டுமானால் தண்ணீரை முழுக்க இறக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் புரோமைடு இருக்கும்வரை நீங்கள் போடும் குளோரின் எல்லாம் புரோமினாகவே மாறும்.

ஓசோன், யூவி விளக்கு, வெள்ளி–செம்பு தாதுக் குச்சி எல்லாம் துணைக்குத்தான். கருவிக்குள் கடந்து போகும் தண்ணீரை ஓசோனும் யூவியும் சுத்தம் செய்யும்; உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து உங்களுக்கு வரும் கிருமியை அவை ஒன்றும் செய்யாது. அதற்குத் தண்ணீரிலேயே நிற்கிற மருந்து வேண்டும். ரசாயனமே வேண்டாம் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

ரசாயனத்தைக் கையாளும்போது

பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டைகுளோரையோ ட்ரைகுளோரையோ கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற இன்னொரு வகைக் குளோரினோடு கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தினால்கூட ஆபத்துதான். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கரண்டி, காய்ந்த கரண்டி. எப்போதும் தண்ணீரில் ரசாயனத்தைச் சேருங்கள். ரசாயனத்தின் மீது தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒன்றைப் போட்டுப் பம்ப் சுற்றவிட்டு, 15, 20 நிமிடம் கழித்து அடுத்தது. போடும்போது ஜெட் ஓடட்டும், காற்றுக் குமிழை (ஜெட்டுக்குக் காற்றை விடும் திருகை) மட்டும் அடைத்துவிடுங்கள். மூடியைத் திறந்தே வைத்திருங்கள். ஷாக் கொடுத்த அன்று மூடியை உடனே போட்டால், கிளம்பும் வாயு மூடியின் உறையையும் தலையணைகளையும் அரித்துவிடும். அரை மணி நேரம் திறந்திருப்பது நல்லது.

காரத்தன்மை, பி.எச்., கால்சியம்

புதுத் தண்ணீரில் முதலில் காரத்தன்மையைச் சரிசெய்யுங்கள். அது பி.எச்.சைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம். குறைவாக இருந்தால் பி.எச். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆடும். ஏற்றுவதற்குச் சமையல் சோடாவே போதும்: 20 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். கடையில் “காரத்தன்மை ஏற்றி” என்று விற்பதும் பெரும்பாலும் அதேதான்.

பி.எச். ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் ஹாட் டப் வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புலம்பல். ஜெட் தண்ணீரைக் கலக்கும்போது அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுவதால் ஏறுகிறது. காரத்தன்மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக ஏறும். தினமும் பி.எச். இறக்கிப் போட்டுக்கொண்டிருப்பதைவிட காரத்தன்மையையே குறைத்துவிடுவது மேல். பிளீச் போடுகிறவர்கள் 50 முதல் 80க்குள் வைத்தால் ஏற்றம் அடங்கும். டைகுளோர் தானே கொஞ்சம் அமிலம் என்பதால் அதற்கு 80க்கு மேல் சரி.

இறக்கும் முறை இதோ. சோடியம் பைசல்பேட் குருணையை 10 கிராம் அளவில் கரைத்துப் போட்டு, பி.எச். 7.2 வரும்வரை அரை மணிக்கு ஒரு தரம் சோதியுங்கள். பிறகு காற்றுக் குமிழைத் திறந்து ஜெட்டை ஓடவிடுங்கள், பி.எச். மேலே வரும், காரத்தன்மை இறங்கிய இடத்திலேயே நிற்கும். மறுபடி குருணை, மறுபடி காற்று. மொத்தம் 29 கிராம் குருணைக்குக் காரத்தன்மை 10 பிபிஎம் இறங்கும். ஒரே மூச்சில் 100 கிராம் கொட்டினால் பி.எச். பள்ளத்தில் விழும், மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை.

கால்சியம் குறைந்த தண்ணீர் தனக்கு வேண்டியதைத் தொட்டியின் உலோகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பார்கள். நுரையும் கூடுதலாக வரும். கால்சியம் குளோரைடு 18 கிராம் 10 பிபிஎம் ஏற்றும். கரையும்போது கை சுடும் அளவுக்குச் சூடு கிளப்பும், பிளாஸ்டிக் வாளியில் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு அதில் சிறிது சிறிதாகப் போடுங்கள். குழாய்த் தண்ணீரே 300க்கு மேல் கடினமாக இருந்தால் ஏற்ற எதுவும் இல்லை, பி.எச்.சை 7.4ஐ ஒட்டியே நிறுத்தி, உப்புக் கட்டாமல் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்

கேட்ரிட்ஜ் ஃபில்டரை வாரம் ஒரு முறை வெளியே எடுத்து, ஓஸ் பைப்பால் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து அலசுங்கள். கார் கழுவும் உயர் அழுத்தப் பம்ப் வேண்டாம். துணி நூல் நூலாகப் பிரிந்து, பிறகு அழுக்கைப் பிடிக்காமல் விட்டுவிடும். சோப்பும் வேண்டாம். எவ்வளவு அலசினாலும் மடிப்புக்குள் சோப்பு தங்கி, மறுநாள் தொட்டி நுரைத்துப் பொங்கும்.

மாதம் ஒரு முறை ஃபில்டர் கிளீனரில் ராத்திரி ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவைக்க வேண்டும். அதற்காகவே இரண்டு ஃபில்டர் வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று ஓடும்போது மற்றது காயும். உப்புப் படிந்த ஃபில்டரை அமிலத்தில் ஊறப்போடுகிறவர்கள், முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் காரக் கிளீனரில் எடுத்த பிறகே அமிலத்துக்குப் போக வேண்டும். நேரே அமிலத்தில் போட்டால் எண்ணெய் துணியிலேயே இறுகிவிடும், பின் எதற்கும் அசையாது. காய்ந்த பிறகும் பழுப்பாக, விறைப்பாக இருந்தாலோ, மடிப்புகள் ஒட்டிக்கொண்டாலோ மாற்றிவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு.

தண்ணீர் மாற்றுவது

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? லிட்டரை 12ஆல் வகுத்து, தினமும் சராசரியாக எத்தனை பேர் குளிக்கிறார்களோ அதனால் மறுபடி வகுங்கள். 1200 லிட்டர், இரண்டு பேர் என்றால் 50 நாள். டைகுளோர் மட்டுமே போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். பிளீச் வழிக்கு மாறியவர்கள் நீட்டிக்கலாம், ஆனாலும் மூன்று, நான்கு மாதத்தைத் தாண்ட வேண்டாம். யாருமே குளிக்காவிட்டாலும் அந்தக் கெடு உண்டு.

இறக்குவதற்கு முன் பைப்புக்குள் இருக்கும் பிசுக்கைக் கிளப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் துடைத்துப் புதுத் தண்ணீர் நிரப்புவது, அழுக்கு உடம்பில் புதுச் சட்டை போடுகிற கதை. ஃபில்டரையும் தலையணைகளையும் எடுத்துவிட்டு, பைப் சுத்திகரிப்பு மருந்தை அதன் அளவில் ஊற்றி, எல்லா ஜெட்டையும், திசைமாற்றும் வால்வுகளையும் மாற்றி மாற்றித் திறந்து ஓட்டுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிப் பழுப்பும் சாம்பலுமாக நுரை ஒதுங்கும். சில சமயம் நனைந்த காகிதக் கிழிசல் மாதிரித் துண்டுகள் ஜெட் வாயிலிருந்து வந்து விழும். அதுதான் படலம். இன்னும் வந்துகொண்டிருந்தால் இன்னும் ஓட்டுங்கள். பழைய தொட்டி, அல்லது பல மாதம் சும்மா கிடந்த தொட்டி என்றால், அந்தத் தண்ணீரை இறக்கிப் புதிதாக நிரப்பி, குளோரினை 50 பிபிஎம்முக்கு ஏற்றி (5 சதவீதப் பிளீச் 1.2 லிட்டர்) ஒரு மணி நேரம் சுற்றவிட்டு மறுபடி இறக்குங்கள். அப்போது மூடி திறந்திருக்க வேண்டும், காற்றுக் குமிழ் அடைத்திருக்க வேண்டும், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பிறகு:

1. மெயின் பிரேக்கரை அணையுங்கள். தண்ணீர் இல்லாத நேரத்தில் ஹீட்டர் எரிந்தால் சில நிமிடத்தில் போய்விடும்.
2. வடிகுழாய் வழியாகவோ சிறு நீர்மூழ்கிப் பம்ப் வைத்தோ இறக்குங்கள். குளோரின் தண்ணீரைச் செடிக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ விட வேண்டாம். முன்கூட்டியே ஓரிரு நாள் குளோரின் போடாமல் விடுங்கள், அல்லது சோடியம் தயோசல்பேட் போட்டுப் பூஜ்யமாக்குங்கள்.
3. இருக்கைப் பள்ளங்களிலும் கால்குழியிலும் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்புக்கறைக்கு நீர்த்த வினிகர், மிருதுவான துணி. உரசும் பவுடரும் கம்பி நாரும் அக்ரிலிக்கைக் கீறிவிடும்.
4. ஓஸ் பைப்பில் தேங்கியிருந்த பழைய தண்ணீரை முதலில் வெளியே விட்டுவிடுங்கள். பிறகு அதன் வாயை ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்புங்கள். கீழிருந்து பைப் நிறைந்து வரும்போது காற்று மேலே வெளியேறும்.
5. மட்டக்கோடு தொட்ட பிறகே மின்சாரம்.

பம்ப் உறுமுகிறது, ஜெட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது. மின்சாரத்தை அணைத்து, பம்ப் பக்கத்து யூனியன் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். “ஸ்ஸ்” என்று காற்றுப் போய்த் தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம்.

கோளாறு தெரியும்போது

தண்ணீர் பால் மாதிரி மங்கினால், வரிசையாகப் பாருங்கள்: குளோரின், பி.எச்., ஃபில்டர். மூன்றும் சரியென்றால் ஷாக் கொடுங்கள்: குளோரினை 10 பிபிஎம்முக்கு ஏற்றி ஓடவிட்டு, 5க்கு இறங்கிய பின்தான் குளிக்க வேண்டும்.

நுரை பெரும்பாலும் நீச்சலுடையிலிருந்து வருகிறது. சலவை சோப்பு துணியில் தங்கி, ஜெட்டில் கடைந்தெடுக்கப்படுகிறது. தொட்டிக்கென்று ஒரு உடையை ஒதுக்கி, அதை வெறும் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். இறங்குவதற்கு முன் சோப்பில்லாமல் ஒரு குளியல், தலைமுடிக்கு எண்ணெயும் க்ரீமும் இல்லாமல். நுரையடக்கும் மருந்து ஒரு மாலை விருந்தாளிகளுக்கு முன் மானத்தைக் காக்கும், அவ்வளவுதான்.

குளோரின் போட்டதும் தண்ணீர் பச்சையோ பழுப்போ ஆனால் அது பாசி அல்ல, செம்போ இரும்போ. கிணற்று நீரில் இது சகஜம். உலோகம் பிடிக்கும் மருந்து போட்டு, அடுத்த முறை நிரப்பும்போது ஓஸ் பைப்பில் முன்வடிகட்டி மாட்டுங்கள்.

குளோரின் காரணமில்லாமல் தீர்கிறதா என்று சந்தேகமா? யாரும் இறங்காத ஒரு நாளில் 5 பிபிஎம் ஏற்றி, 24 மணி நேரம் கழித்து அளவிடுங்கள். கால் பங்கு குறைந்தால் இயல்பு. ஓசோன் கருவி இருந்தால் பாதி வரை போகலாம். முழுவதும் மறைந்திருந்தால் பைப்பில் பிசுக்கு இருக்கிறது. மருந்தைக் கூட்டுவது வீண், பைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

தண்ணீர் வேகம் குறைவு என்று கட்டுப்பாட்டுப் பலகை எச்சரிக்கை காட்டினால், ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் குற்றவாளி ஃபில்டர்தான்.

உடம்பும் மின்சாரமும்

சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பலகையை நம்பாமல் ஒரு மிதவை வெப்பமானியும் போட்டு வையுங்கள். ஒரு அமர்வுக்கு 15, 20 நிமிடம் போதும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை இறக்கவே வேண்டாம். மது குடித்துவிட்டு இறங்குவது தூங்கி மூழ்குவதற்கான வழி. வயிற்றுப்போக்கு இருப்பவர், அது நின்ற பிறகும் சில நாள் தள்ளியே இருக்கட்டும்.

தொட்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாயின் மூடியை மாதம் ஒரு முறை கையால் ஆட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் 2002இல் ஒரு ஏழு வயதுச் சிறுமி ஹாட் டப்பின் உறிஞ்சுவாயில் சிக்கி இறந்தாள். அதன் பிறகு 2007இல் அங்கே வடிகால் மூடிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மூடி விரிசல் விட்டிருந்தாலோ ஒரு திருகாணி காணாமல் போயிருந்தாலோ, புது மூடி வரும்வரை தொட்டி மூடியே இருக்க வேண்டும். நீண்ட கூந்தலைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிடி தொட்டிக்கென்று தனியாக இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. அடிக்கடி தானாக விழுந்தால், ஹீட்டர் உறையில் ஓட்டை விழுந்து தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. எக்ஸ்டென்ஷன் வயர், கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜர், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம்.

மூடியின் பூட்டுப் பட்டைகளை ஒவ்வொரு முறையும் மாட்டுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாவியோடு. மூடி தூக்க முடியாத அளவுக்குக் கனத்துவிட்டால் உள்ளே நுரைப்பலகை தண்ணீர் குடித்துவிட்டது. காயாது, மாற்ற வேண்டியதுதான். அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து ஆவியோடு தொட்டிக்குள் இறங்கும்.

ஒரு வாரம் வெளியூர் போவதானால், பி.எச்.சைச் சரிசெய்து, குளோரினை 10 பிபிஎம்முக்கு ஏற்றிவிட்டு, தினசரிச் சுற்றல் ஓடும்படி விட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் இறங்கும் முன் அளவிடுங்கள். அதற்கு மேல் என்றால் நடுவில் வந்து மருந்து போட ஆள் ஏற்பாடு செய்யுங்கள், அல்லது முழுக்க இறக்குங்கள். முழுக்க என்றால் பைப்பும் சேர்த்து: தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் கிளீனரை ஒவ்வொரு ஜெட் வாயிலும் வைத்து உறிஞ்சி எடுங்கள். அரைகுறையாக இறக்கி மூடிவைத்த தொட்டியின் பைப்பில் தேங்கும் ஒரு லிட்டர் தண்ணீர், நிரம்பி ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைவிட மோசம்.